தில்லிப் புண்: ஒரு நோய்ப்பெயரும் ஒரு செல்லும்

1885ஆம் ஆண்டு, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்த டேவிட் டக்ளஸ் கன்னிங்ஹாம், ‘தில்லிப் புண்’ என்று வழங்கிய தோல்நோயின் திசுத்துணுக்கு ஒன்றை நுண்ணோக்கியின்கீழ் ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார். அந்நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியை முதன்முதலில் கண்ணால் கண்டவர் பெரும்பாலும் அவரே என்பது இன்றைய மருத்துவ வரலாற்றாசிரியர்களின் முடிபு. ஆயின், தாம் கண்டது இன்னதென அவர் அறிந்தாரில்லை. நோயாளியின் உடலுக்கே உரிய செல்லை அயலுயிரி என்று கொண்டார். அச்செல்லினுள் குடியிருந்த உண்மையான அயலுயிரியை அதன் ஸ்போர் என்று கொண்டார். வீட்டையே திருடன் என்றும், உள்ளே பதுங்கிய திருடனை வீட்டுச் சாமான் என்றும் எழுதிவைத்தது போன்ற பிழை அது.

அப்பிழை திருந்தப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. அந்தப் பதினெட்டு ஆண்டுகளின் கதை, தோல்நோயை அறிவதில் செல் என்னும் சான்று எவ்வாறு இடம்பெற்றது என்பதன் கதையாகும். நோய்க்கு ஊர்ப்பெயர் இடுவதால் விளையும் மயக்கத்தின் கதையும் அதனுள் அடங்கும்.

முதலில் பெயரை எடுத்துக்கொள்ளலாம். முகம், கை, கால் போன்ற மூடப்படாத உறுப்புகளில் சிறு கொப்புளமாகத் தோன்றி, மெல்லப் பெருத்து, நடுவில் புண்ணாகி, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஆறாதிருந்து, பின் தானே ஆறி, வாழ்நாள் முழுதும் மறையாத வடுவை விட்டுச்செல்வது இந்நோய். தில்லியில் அதனைத் தில்லிப் புண் என்றனர். லாகூரில் லாகூர்ப் புண் என்றனர். பாக்தாதும் அலெப்போவும் தத்தம் பெயரை அதற்கு ஈந்தன. அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையினர் பிஸ்க்ரா என்னும் பாலைவனச் சோலை நகரின் பெயரால் அதனைப் பிஸ்க்ராப் பரு என்று அழைத்தனர். அலெப்போவில் வாழ்ந்த ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் ரசல் 1756இல் வெளியிட்ட நூலில் இந்நோயை விரிவாக வருணித்துள்ளார். தில்லி வட்டாரத்தில் முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் பெயரோடு இப்புண்ணைச் சேர்த்துச் சொல்லும் வழக்கும் இருந்தது.

அந்தந்த ஊர் மக்களின் மொழிகளிலோ வேறொரு பெயர்முறை காணப்படுகிறது. அரபு மக்கள் அதனை ஓராண்டுப் புண் என்னும் பொருளில் அழைத்தனர். பாரசீகத்தில் வழங்கும் ‘சாலக்’ என்னும் சொல்லுக்கு ஆண்டைக் குறிக்கும் ‘சால்’ என்பதே அடி. நோயோடு கூடவே வாழ்ந்தவர்கள் அது எத்தனை காலம் இருக்கும் என்பதைக் கொண்டு பெயரிட்டனர். வெளியிலிருந்து வந்து நோயுற்றவர்கள் எங்கே தொற்றியது என்பதைக் கொண்டு பெயரிட்டனர். முன்னது நோயின் இயல்பைச் சொல்கிறது. பின்னது ஓர் ஊரின்மேல் பழியைச் சுமத்துகிறது.

தமிழிலும் இவ்விருவகைப் பெயர்களும் உண்டு. படை, தேமல், சிரங்கு, அக்கி போன்றவை உடலில் தோன்றும் அடையாளத்தால் பெற்ற பெயர்கள். பறங்கிப்புண் என்பதோ அயலவர்மேல் பழிசாற்றும் பெயர். அச்சொல்லே இலங்கையில் ‘பறங்கி’ எனச் சுருங்கி, யாஸ் என்னும் வேறொரு தோல்நோய்க்குப் பெயராயிற்று. யாரைப் பழிப்பது என்பதே பெயரின் வேலையாகிவிட்டபின், எந்த நோய் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

தில்லிப் புண் ஆங்கில மருத்துவ ஏடுகளில் பெரிதாகப் பேசப்பட்டது 1857க்குப் பின்னரே. கிளர்ச்சி அடக்கப்பட்டபின் ஆங்கிலப் படை செங்கோட்டையிலேயே நிலைகொண்டது. கோட்டையைச் சுற்றிப் பெரும் பரப்பில் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. அங்கே தங்கிய படைவீரர் பலர்க்கு இப்புண் வந்ததால், அது இராணுவ நிருவாகத்தின் கவலையாயிற்று. காரணம் தேடிய மருத்துவர் பலர் முதலில் ஐயுற்றது நகரின் நீரைத்தான். தில்லிக் கிணறுகளின் நீர் கடினமானது, உப்புக் கலந்தது. ஊரின் பெயரே நோயின் பெயராக இருக்கையில், அவ்வூருக்கே உரிய ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கவேண்டும் என்று எண்ணுவது இயல்பு. நீரைச் சோதித்தனர்; மண்ணைச் சோதித்தனர்; வெப்பத்தையும் காற்றையும் பற்றி எழுதினர். 1877இல் திமத்தி ரிச்சர்ட்ஸ் லூயிஸும் கன்னிங்ஹாமும் இணைந்து, இந்தியாவில் காணப்படும் கீழைப்புண் பற்றித் தனி அறிக்கையே கல்கத்தாவில் வெளியிட்டனர்.

இதே காலத்தில் மேற்காசிய ஊர்களில் தாய்மார்கள் அறிந்திருந்த செய்தி ஒன்று உண்டு. ஒருமுறை இப்புண் வந்து ஆறியவர்க்கு அது மறுமுறை வருவது அரிது. எனவே ஒருவரது புண்ணின் கசிவை எடுத்துக் குழந்தையின் உடலில் ஆடைக்குள் மறையும் ஓரிடத்தில் குத்திவைத்தனர். வடு முகத்தில் விழாமல் மறைவிடத்தில் விழட்டும் என்பது கருத்து. புண்ணிலிருந்து புண்ணுக்குக் கடத்தக்க ஏதோ ஒன்று கசிவில் இருக்கிறது என்பதை இவ்வழக்கம் மெய்ப்பித்துக்கொண்டே இருந்தது. கிணற்று நீரை அளந்தவர்களுக்கு இது போதிய சான்றாகத் தோன்றவில்லை. அந்த ‘ஏதோ ஒன்றை’க் கண்ணால் காட்ட வேண்டியிருந்தது.

அதைக் காட்டும் வழி ஐரோப்பியச் சாயப்பட்டறைகளிலிருந்து வந்தது. 1856இல் இலண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பெர்கின், மலேரியா மருந்தான குவினைனைச் செயற்கையாக ஆக்க முயன்று, அதற்குப் பதிலாக ஊதாநிறச் சாயம் ஒன்றைக் கண்டார். அதைத் தொடர்ந்து கரித்தாரிலிருந்து பிறந்த அனிலின் சாயங்கள் ஜெர்மானியத் தொழிற்சாலைகளில் பெருகின. துணிக்கு நிறமூட்டிய அச்சாயங்களைத் திசுவின்மேல் இட்டுப்பார்த்தவர்களில் தலையாயவர் பால் எர்லிக். 1878இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த மருத்துவ ஆய்வேட்டின் பொருளே திசுக்களுக்குச் சாயமேற்றும் கோட்பாடும் நடைமுறையும்தான்.

எர்லிக் கண்ட உண்மை எளிது: சாயம் எல்லாச் செல்களையும் ஒருபடித்தாகப் பற்றுவதில்லை. இணைப்புத் திசுவில் ஒருவகைச் செல்கள் மட்டும் உள்ளே நெருங்கிய குருணைகளைக் கொண்டிருந்தன. சில அனிலின் சாயங்கள் அக்குருணைகளில் பட்டதும் தம் இயல்பான நிறத்தை விட்டு வேறு நிறம் காட்டின. நீலச் சாயம் அங்கே செவ்வூதாவாகத் தோன்றியது. ஊட்டம் மிகுந்த இடங்களில் இச்செல்கள் பெருகுவதாகவும், குருணைகள் அவை சேர்த்துவைத்த உணவு என்றும் எண்ணிய எர்லிக், கால்நடைகளைக் கொழுக்கவைக்கும் தீவனத்தைக் குறிக்கும் ‘மாஸ்ட்’ என்னும் ஜெர்மானியச் சொல்லால் அவற்றுக்குப் பெயரிட்டார். மாஸ்ட் செல் என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது. குருணைகள் உணவல்ல என்பது பின்னர்த் தெரிந்தது. அவற்றில் ஹெப்பாரின் இருப்பது 1937இலும், ஹிஸ்டமின் இருப்பது 1953இலும் நிறுவப்பட்டன. அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் பொருளைச் சுமக்கும் செல்லுக்குக் ‘கொழுத்த செல்’ என்னும் பொருந்தாப் பெயர் இன்றும் நின்றுவிட்டது.

தோல்நோய் அறிதலில் இச்செல்லுக்கு விரைவிலேயே இடம் கிடைத்தது. 1869இல் எட்வர்ட் நெட்டில்ஷிப் இலண்டனில் ஒரு குழந்தையின் உடலில் தடித்து எழுந்து, பழுப்புத் தழும்பாக நிலைத்த புள்ளிகளை வருணித்தார். 1878இல் ஆல்பிரட் சாங்ஸ்டர் அதற்கு ‘அர்ட்டிகேரியா பிக்மென்டோசா’ என்று தோற்றத்தைக் கொண்டே பெயரிட்டார். 1887இல் ஹாம்பர்க் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா அப்புள்ளிகளின் திசுவைச் சாயமேற்றிப் பார்த்தபோது, அங்கே மாஸ்ட் செல்கள் குவிந்திருக்கக் கண்டார். தோலின் மேற்பரப்பைக் கண்ணால் கண்டும் விரலால் தொட்டும் அறிந்த நோய்க்கு, உள்ளிருக்கும் ஒரு செல் சான்றாகியது இந்நிகழ்வில்தான் தெளிவாகத் தெரிகிறது.

உன்னாவுக்கு அது இயன்றதற்குக் காரணம், அந்தச் செல் உடலுக்குரியது என்பதும் அதன் தோற்றம் இன்னது என்பதும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே எர்லிக்கால் வரையறுக்கப்பட்டிருந்தமை. உடலின் இயல்பான குடிகளுள் ஒன்று அளவுக்குமீறிப் பெருகியிருப்பதை அவர் கண்டுகொண்டார். 1885இல் கன்னிங்ஹாமுக்கு அத்தகைய முன்னறிவு வாய்க்கவில்லை.

தில்லிப் புண்ணின் திசுவில் கன்னிங்ஹாம் கண்டவை, வட்டமாகவும் நீள்வட்டமாகவும் இருந்த பெரிய உடலங்கள். அவற்றினுள் சிறு துணிக்கைகள் பல. பெரிய உடலங்கள் உண்மையில் மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கு செல்கள்: உடலுக்குள் நுழையும் அயற்பொருளை விழுங்கிச் செரிக்கும் காவற்செல்கள். செல் ஒன்று நுண்ணுயிரியை விழுங்கக்கூடும் என்னும் கருத்தை மெச்னிகோவ் இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திர மீனின் இளவுயிரிகளை ஆராய்ந்து கண்டது 1882இல்தான். அக்கருத்து ஐரோப்பியக் கல்விக்கூடங்களிலேயே ஏற்கப்படாமல் விவாதத்தில் இருந்தது. ஆகவே, தம் வயிற்றில் பல சிறு உடலங்களைச் சுமந்த ஒரு பெரிய செல்லைக் கண்ட கன்னிங்ஹாம், அதனைக் குட்டிகளைச் சுமந்த தாயுயிரி என்று படித்தார். அமீபாவைப் போன்ற எளிய உயிரி ஒன்று தோலில் புகுந்து ஸ்போர்களை ஈன்று பெருகுகிறது என்பது அவர் கொண்ட முடிபு.

அன்றைய சாயமுறையும் அவருக்குத் துணைநிற்கவில்லை. தில்லிப் புண்ணின் ஒட்டுண்ணி 2 முதல் 4 மைக்ரான் அளவே உடையது. அதன் தனி அடையாளம் உள்ளிருக்கும் இரண்டு புள்ளிகள்: பெரியது உட்கரு, சிறியது கோல்வடிவக் கைனட்டோபிளாஸ்ட். மெத்திலீன் நீலத்தையும் இயோசினையும் கலந்து ஆக்கும் ரோமனோவ்ஸ்கி வகைச் சாயம் இட்டால்தான் அவ்விரண்டும் செவ்வூதா நிறத்தில் தெளிவாகப் பிரிந்து தெரியும். அச்சாயம் அறிமுகமானது 1891இல். கன்னிங்ஹாமிடம் நுண்ணோக்கி இருந்தது. நோயின் திசு இருந்தது. பார்க்கும் பொறுமையும் இருந்தது. உடலுக்குரியது எது, உடலுக்கு அயலானது எது என்று பிரித்துக் காட்டும் சாயமும் கோட்பாடும் மட்டும் இன்னும் வந்துசேரவில்லை.

அதன்பின் வந்தவர்களும் பகுதி பகுதியாகவே கண்டனர். 1891இல் இராணுவ மருத்துவர் ஆர். எச். ஃபர்த், புண்ணின் செல்களில் கண்ட உடலங்களுக்கு ‘ஸ்போரோசோவா ஃபுருங்குலோசா’ என்று பெயரிட்டார். 1898இல் தாஷ்கண்டில் பணியாற்றிய உருசிய அறுவை மருத்துவர் பியோத்தர் பொரோவ்ஸ்கி, அங்கே வழங்கிய இதே புண்ணை ஆராய்ந்து, ஒட்டுண்ணி ஒருசெல் உயிரி என்பதையும், அது நோயாளியின் செல்களுக்குள் வாழ்கிறது என்பதையும் தெளிவாக எழுதினார். வீடு எது, குடியேறி எது என்று சரியாகப் பிரித்தவர் அவரே. ஆயின் கட்டுரை உருசிய மொழியில் ஓர் இராணுவ மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆங்கிலம் படிக்கும் உலகம் அதனைப் பரவலாக அறிந்தது 1938இல், நாற்பது ஆண்டுகள் கழித்து. அறிவியலில் ஒரு செய்தி எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பதும் அதன் ஊழைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1903ஆம் ஆண்டு மூன்று வெவ்வேறு ஊர்களில் ஒரே உண்மை வெளிப்பட்டது. இங்கிலாந்தின் நெட்லி இராணுவ மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த வில்லியம் லீஷ்மன், கல்கத்தாவை அடுத்த தம்தம் பாசறையில் காய்ச்சலுற்றுத் திரும்பி இறந்த ஒரு படைவீரனின் மண்ணீரலில் 1900இல் கண்ட நுண்ணுடலங்களைப் பற்றி 1903 மே மாதம் எழுதினார். அவை சிதைந்த டிரிப்பனோசோம்கள் என்பது அவர் கருத்து. அதே ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனோவன், உயிரோடிருந்த நோயாளிச் சிறுவன் ஒருவனின் மண்ணீரலிலிருந்து ஊசிவழி எடுத்த இரத்தத்திலும் அவற்றைக் கண்டார். உயிரோடிருப்பவன் உடலிலேயே காணப்படுவதால், அவை இறந்தபின் சிதைந்த பொருள்கள் ஆகா என்பது விளங்கிற்று. பாரிஸில் லாவெரானும் மெஸ்னிலும் அவற்றைப் பைரோபிளாஸ்மா என்னும் வேறோர் இனத்தில் சேர்த்தனர். 1903 நவம்பரில் ரொனால்ட் ராஸ், இது முன்பு அறியப்படாத புதிய இனம் என்று முடிவுசெய்து, இருவர் பெயரையும் இணைத்து ‘லீஷ்மேனியா டோனோவனி’ என்று பெயரிட்டார். இது உள்ளுறுப்புகளைத் தாக்கும் காலா அசார் என்னும் கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணி.

தோற்புண்ணின் புதிரை அவிழ்த்தவர் பாஸ்டன் நகரின் ஜேம்ஸ் ஹோமர் ரைட். ரோமனோவ்ஸ்கி சாயத்தைத் திருத்தித் தம் பெயரில் வழங்கும் சாயத்தை அவர் 1902இல்தான் உருவாக்கியிருந்தார். ஆர்மீனியாவிலிருந்து வந்த ஒன்பது வயதுச் சிறுமியின் புண்ணிலிருந்து எடுத்த திசுவில் அதனை இட்டபோது, பெரிய செல்களுக்குள் இரண்டிரண்டு புள்ளிகளோடு ஒட்டுண்ணிகள் நெருங்கிக் கிடந்தன. செல் உடலுக்குரியது, உள்ளிருப்பது அயலுயிரி என்று அவர் ஐயமற எழுதினார். அவர் இட்ட ‘ஹெல்கோசோமா டிராப்பிகம்’ என்னும் பெயர் 1906இல் ‘லீஷ்மேனியா டிராப்பிகா’ என மாறிற்று. கட்டுரைத் தலைப்பில் அவர் அடைப்புக்குறிக்குள் தந்த நோய்ப்பெயர் ‘தில்லிப் புண்’. நோயாளி ஆர்மீனியச் சிறுமி. ஆய்வு நடந்தது அமெரிக்காவில். பெயர் மட்டும் தில்லியினுடையது.

இங்கேதான் ஊர்ப்பெயர்கள் பொருளிழக்கின்றன. பாக்தாத், அலெப்போ, லாகூர், தாஷ்கண்ட், தில்லி என்று தனித்தனியே பேசப்பட்டவை அனைத்தும் ஒரே இன ஒட்டுண்ணியின் வேலை என்பதை ஒரு செல்லின் உள்ளடக்கம் காட்டிவிட்டது. 1921இல் அல்ஜீரியாவில் செர்ஷான் உடன்பிறந்தாரும் அவர்தம் குழுவினரும், பிஸ்க்ராவில் பிடித்த மணல் ஈக்களை நசுக்கி மனிதத் தோலில் தேய்த்து அதே புண்ணை உண்டாக்கிக் காட்டியபோது, கடத்தியும் தெரிந்தது. கிணற்று நீர் குற்றமற்றதாயிற்று. மணல் ஈ சுவர் விரிசலிலும் இடிபாட்டிலும் ஈரமண்ணிலும் பெருகுவது. 1857க்குப் பின் வீடுகளை இடித்துக் குவித்த நகரில், அவ்விடிபாட்டுக்கு நடுவே தங்கிய படையினர்க்குப் புண் மிகுந்ததில் வியப்பில்லை எனத் தோன்றுகிறது. அவ்வாறாயின், நகரின் இயல்பான நீரின்மேல் சுமத்திய பழியில் ஒரு பங்கு, நகரை இடித்தவர்களையே சாரும்.

பெருவிழுங்கு செல்லைத் திறந்து பார்த்தால் நோய் தெரியும் என்னும் பாடம் மற்ற தோல்நோய்களுக்கும் பொருந்தியது. தொழுநோயில் நுரைபோலத் தோன்றும் செல்களை ஃபிர்க்கோ முன்னரே வருணித்திருந்தார். ஹான்சன் 1873இல் கண்ட தொழுநோய்க் கிருமிகள் அவற்றுள்தான் கட்டுக்கட்டாக இருந்தன. 1905இல் டோனோவன் சென்னையிலேயே பாலுறுப்புப் பகுதிப் புண் ஒன்றின் பெருவிழுங்கு செல்களுக்குள் வேறுவகை உடலங்களைக் கண்டார். அவை இன்றும் டோனோவன் உடலங்கள் என்றே அழைக்கப்படுகின்றன. 1922இல் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, கருங்காய்ச்சல் குணமானபின் சிலரது தோலில் வெளிறிய திட்டுகளும் முடிச்சுகளும் தோன்றுவதையும், அவற்றுள் அதே ஒட்டுண்ணி இருப்பதையும் பதிவுசெய்தார்.

பிரம்மச்சாரி கண்ட அந்நோய்தான் இவ்வரலாற்றை மீண்டும் தில்லிக்குக் கொண்டுவருகிறது. கருங்காய்ச்சல் மிகுந்த பீகாரிலிருந்து வேலை தேடி வருவோர் பலர் தில்லியில் வாழ்கின்றனர். அவர்களுள் சிலர் வெளிறிய திட்டுகளோடும் முகத்தில் முடிச்சுகளோடும் மருத்துவமனைக்கு வருகின்றனர். பார்வைக்கு அது தொழுநோய் போலவே இருக்கும். திட்டில் உணர்ச்சி குன்றியிருந்தால் தொழுநோயை எண்ணவேண்டும். உணர்ச்சி இயல்பாக இருந்து, முன்பு கருங்காய்ச்சல் வந்த செய்தியும் இருந்தால் மற்றதை எண்ணவேண்டும். தோலைச் சிறிது கீறி எடுத்த திசுநீரைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றினால், பெருவிழுங்கு செல்லுக்குள் இருப்பது கோல்வடிவக் கிருமியா, இரட்டைப் புள்ளி ஒட்டுண்ணியா என்பது தெரியும். முடிச்சுகளில் ஒட்டுண்ணி எளிதில் அகப்படும். வெறும் திட்டுகளில் அரிதாகவே அகப்படும். அந்நிலையில் ஒட்டுண்ணியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை உதவுகிறது. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையின் தோல் மருத்துவர் வி. ரமேஷும், அவ்வளாகத்திலுள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்குறியியல் நிறுவனத்தைச் சேர்ந்த பூனம் சலோத்ராவும் இத்துறையில் நெடுங்காலம் ஆய்வுசெய்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர்.

தவறாக அறிந்தால் இழப்பு இருவகைப்படும். தொழுநோய் இல்லாத ஒருவர் ஓராண்டுக் காலம் தொழுநோய் மருந்துகளை உண்பதோடு, அப்பெயர் ஊரிலும் உறவிலும் தரும் புறக்கணிப்பையும் தாங்கவேண்டும். அவரது தோலில் இருக்கும் ஒட்டுண்ணியோ மருந்தின்றி அப்படியே தங்கி, மணல் ஈ வழியாக மற்றவர்க்குக் கருங்காய்ச்சலைப் பரப்பக்கூடும். ஆயிரக்கணக்கானோரிடமிருந்து ஒழிந்துவரும் ஒரு நோய், அறியப்படாத சிலரது தோலில் ஒளிந்திருந்து மீளக்கூடும் என்பதால்தான், கருங்காய்ச்சல் ஒழிப்புத் திட்டத்தில் இந்தத் தோல்நோய்க்குத் தனிக் கவனம் தரப்படுகிறது.

மாஸ்ட் செல்லின் கதையும் இதற்கு இணையாகவே வளர்ந்தது. அர்ட்டிகேரியா பிக்மென்டோசாவில் பழுப்புப் புள்ளியைச் சற்றே தேய்த்தால் அது சிவந்து தடிக்கும். மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியிடுவதே காரணம். பிரெஞ்சு மருத்துவர் ழான் தாரியேயின் பெயரால் வழங்கும் இக்குறி, நுண்ணோக்கி இல்லாமலே செல்லின் இருப்பை விரல் நுனியில் உணர்த்துகிறது. ஐயம் நீங்காவிடில் திசுவை எடுத்து டொலுடின் நீலமோ ஜீம்சா சாயமோ இட்டுப் பார்க்கின்றனர். இரத்தத்தில் டிரிப்டேஸ் அளவையும், கிட் என்னும் மரபணுவின் திரிபையும் சோதிக்கின்றனர். ஜீம்சா சாயம் ரோமனோவ்ஸ்கி வகையைச் சேர்ந்தது. மாஸ்ட் செல்லின் குருணைகளைக் காட்டுவதும், பெருவிழுங்கு செல்லினுள் லீஷ்மேனியாவின் இரட்டைப் புள்ளிகளைக் காட்டுவதும் அந்த ஒரே சாயந்தான். முன்னதில் உடலின் சொந்தக் குடியே பெருகி நோயாகிறது. பின்னதில் சொந்தக் குடியின் வீட்டில் அயலான் புகுந்திருக்கிறான். தோல்நோய் அறிபவர் சாயமேற்றிய தகட்டின்முன் அமர்ந்து தீர்க்கவேண்டிய முதல் வினா இதுவே. 1885இல் கன்னிங்ஹாம் விடைதவறியதும் இவ்வினாவில்தான்.

இனி, பெயர்களின் நிலை. மாஸ்ட் செல் என்பது பிழையான கருதுகோளிலிருந்து பிறந்த பெயர் எனினும், அதனால் யார்க்கும் தீங்கில்லை. ஊர்ப்பெயர் அத்தகையதன்று. நீர் காரணம் என்னும் எண்ணத்துக்குத் தில்லிப் புண் என்னும் பெயர் எவ்வளவு இடம்கொடுத்தது என்பதை மேலே கண்டோம். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும் அதே நகரின் பெயர் மருத்துவ ஏடுகளில் மீண்டும் ஏறியது. சுவீடனில் சிகிச்சை பெற்ற, முன்னர்ப் புதுதில்லி மருத்துவமனையில் இருந்த ஒரு நோயாளியின் கிருமியில் கண்டறிந்த, எதிருயிரி மருந்துகளை முறிக்கும் நொதிக்கு 2009இல் ‘நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்’ என்று பெயரிட்டனர். இந்தியாவில் அப்பெயர்க்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம், புதிய தொற்றுநோய்களுக்கு ஊர், நாடு, மக்களினம், தனிமனிதர் ஆகியோர் பெயர்களை இடுவதைத் தவிர்க்குமாறு நெறிமுறை வகுத்தது.

தில்லிப் புண் இன்று தில்லியில் வழக்கமாகக் காணப்படும் நோயன்று. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கொசுவுக்காகத் தெளித்த டி.டி.டி. மணல் ஈயையும் குறைத்ததால், வட இந்திய நகரங்களில் அந்நோய் பெரிதும் அருகியது. இராஜஸ்தானின் பிகானேர் பகுதியில் அது இன்னும் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தின் சட்லெஜ் பள்ளத்தாக்கில் டோனோவனி இனத்தாலும் தோற்புண் உண்டாகிறது. தோல்நோய்ப் பாடநூல்களில் மட்டும் ‘தில்லிப் புண்’ என்னும் பெயர் மாற்றுப்பெயர்ப் பட்டியலில் இன்றும் அச்சாகிவருகிறது. அதைப் படிக்கும் மருத்துவ மாணவர் அப்பெயரோடு 1885ஆம் ஆண்டின் அறிக்கையையும் சேர்த்து நினைவில் கொள்வது நல்லது. நோயின் காரணம் அன்றே கண்ணாடித் தகட்டில் இருந்தது. எது தன்னது, எது பிறிது என்று பிரித்தறியப் பதினெட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.